நான் ஊற்றியதும் அக்கா எடுத்ததும்

எனக்கு வாய் நீளம். சின்ன வயதிலிருந்து எல்லோரும் சொல்வதுதான். நானும் அதைப் பெருமையாகத்தான் வைத்திருந்தேன். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள், பட்டென்று பேசிவிடுவாள் என்று பெயர். பேசிவிட்டு நான் போய் வயிறாரச் சாப்பிடுவேன். கேட்டவர்கள்தான் சாப்பிடாமல் படுத்துக் கிடப்பார்கள்.

அப்பா இறந்த அன்றைக்கு அக்காவிடம் அப்படி ஒன்று பேசினேன். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். மெதடிஸ்ட் குடும்பத்துப் பையனைக் கட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் வாங்கி, கிள்ளானில் குடியிருந்தாள். அம்மாவும் அப்பாவும் குடியிருந்த செந்தூல் ஃபிளாட்டுக்குக் கீழே கூடாரம் போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தோம். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றிவரும் நேரம். அக்காவின் இரண்டு பெண்களும் வரிசையில் நின்றிருந்தார்கள். எனக்கு என்ன வந்ததோ, இரண்டு பேர் கையிலிருந்தும் பந்தத்தைப் பிடுங்கினேன்.

"கோயில் பக்கமே வராதவங்க பந்தம் பிடிச்சா தாத்தாவுக்கு வழி தெரியாது. நீங்க அந்தப் பக்கம் போய் ஜெபம் பண்ணுங்க" என்றேன். மெதுவாகவும் சொல்லவில்லை. அத்தனை சனமும் கேட்டது.

சின்னவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்றாள். அக்கா இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, அப்பாவை ஏற்றிய வண்டி கிளம்பும் முன்னே போய்விட்டாள். கருமாதிக்கும் வரவில்லை.

அதோடு எங்கள் பேச்சு நின்றது. ஆரம்பத்தில் அம்மா இருபக்கமும் தூது போய்ப் பார்த்தாள். நான் சொன்னதைப் பக்குவமாக அக்காவிடம் சொல்லுவாள், அக்கா சொன்னதைப் பாதியாக்கி என்னிடம் சொல்லுவாள். எவ்வளவு பக்குவமாகச் சொன்னாலும் சண்டை பெரிதானதுதான் மிச்சம். கடைசியில் ஒருநாள் சாமி மேடைக்கு முன்னால் நின்று, "மாரியாத்தா மேல ஆணை. இனிமே அவ பேச்ச உங்கிட்டயும், உன் பேச்ச அவகிட்டயும் எடுக்க மாட்டேன். பேசணும்னா நீங்களே பேசிக்கிங்க" என்று சொல்லிவிட்டாள். அம்மா ஆணையிட்டால் இட்டதுதான்.

இரண்டு வருடம் கழித்து அம்மாவுக்குச் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டுவிடுவார்கள். ஒரு தடவை தவறினாலும் தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும், நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். அம்மாதான் நாளைப் பிரித்தாள். திங்கள், வெள்ளி அக்கா. புதன் நான், பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை செய்த கண்ணாடிக் கடையில் எனக்கு அன்றைக்குத்தான் ஓய்வு. அப்பாவின் பழைய கார் ஃபிளாட்டின் கீழேயே நின்றது. சாவி அம்மா வீட்டு ஆணியில் தொங்கியது. அக்கா வருவாள், கூட்டிப்போவாள், திரும்பக் கொண்டுவந்து விடுவாள். என் நாளில் நான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே ஒன்றரை வருடம் ஓட்டினோம்.

கார் விஷயத்தில் நான் ரொம்பக் கறார். அது வழியில் நின்றால் அம்மாவின் கதி என்ன? ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்பில் வண்டியைக் காட்டியபோது அங்கிருந்தவர், "பழைய வண்டிக்கா, எண்ணெய் குடிக்கும். அடிக்கடி பாத்துக்கிங்க" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மாவைக் கூட்டிவந்து இறக்கிய கையோடு பொனெட்டைத் திறந்துவிடுவேன். எஞ்சின் அனலாக அடிக்கும். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால், எண்ணெய் கீழ்க்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். பார்த்தீர்களா! திங்கள், வெள்ளி என்று இரண்டு நாள் ஓட்டுகிறவளுக்கு ஒரு சொட்டு ஊற்றத் தோன்றவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்ணெய்ப் போத்தலை அம்மா வீட்டுச் சிங்க்குக்கு அடியில் வைத்திருந்தேன். எடுத்துவந்து மேல்கோடு வரும்வரை ஊற்றுவேன்.

அடுத்த புதன் பார்த்தால் மறுபடியும் கீழே.

"பாத்தியாம்மா உன் பெரிய மகளோட லட்சணத்த? ஓட்டத் தெரியுது, ஊத்தத் தெரியல."

அம்மா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். "வண்டி நல்லாத்தானே ஓடுது. விடேன்டி" என்பாள்.

"உனக்கு என்ன தெரியும்? நான் பாத்துக்கிறதால ஓடுது."

இப்படி மாசக்கணக்கில் போயிற்று. எப்போது பார்த்தாலும் குறைவாகவே இருந்ததால், பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டேன். என்னத்தைப் பார்ப்பது? அவள் ஊற்றியிருக்க மாட்டாள் என்பதுதான் தெரிந்த கதையாயிற்றே. புதன் வந்தால் ஒரு டம்ளர் எண்ணெய். குச்சி இருந்த இடத்திலேயே இருந்தது. ஊற்றிவிட்டு மூடியைத் திருகிவிடுவேன்.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அனுமதி. நான் போத்தலில் கோடு போட்டு அளந்து வைப்பேன். கோட்டைத் தாண்டி ஒரு மடக்குக் குடித்தால் பிடித்துக் கத்துவேன். தாகத்தில் அம்மா ஐஸ்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். அப்படி அளந்த கைதான் இங்கே அளக்காமல் ஊற்றியது.

ஒரு சனிக்கிழமை அம்மா போன் செய்தாள். "இனிமே திங்க, வெள்ளியும் நீதான் வரணும்."

"ஏன், மகாராணிக்கு என்ன வந்துச்சு?"

"நீயே போன் போட்டுக் கேளு."

"எனக்கென்ன தலையெழுத்தா?"

அம்மா "ஒரு தடவ கேளேன்டி" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. மெஷினில் உட்கார்ந்து எழுந்த களைப்பு என்று நினைத்தேன். நான் கேட்கவில்லை. கடையில் ஆள் மாற்றி, நேரம் மாற்றி, முதலாளியிடம் பேச்சு வாங்கி, மூன்று நாளும் நானே வந்தேன். வந்த ஒவ்வொரு நாளும் பொனெட்டைத் திறந்து, அக்காவைத் திட்டிக்கொண்டே ஒரு டம்ளர் ஊற்றினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? ஓட்டுகிற நாளெல்லாம் எண்ணெய் ஊற்றுவது என் ஆத்திரத்துக்கு ஒரு வேலையாகிவிட்டது. மூன்று வாரம், ஒன்பது டம்ளர்.

நாலாவது வாரம் திங்கட்கிழமை காலை, ஜாலான் ஈப்போவில் நெரிசலுக்கு நடுவே கார் உதற ஆரம்பித்தது. பின்கண்ணாடியில் பார்த்தேன், வெள்ளையாகப் புகை. பின்னால் வந்த லோரி ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கியது. எண்ணெய் கருகும் நாற்றம் உள்ளே வந்தது. இடதுபக்கம் ஒதுக்கினேன், அத்தோடு எஞ்சின் நின்றுவிட்டது. எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் எழவில்லை. பின்சீட்டில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி ஆறரைக்கு அவள் மெஷினில் இருக்க வேண்டும்.

வாடகைக் கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றேகால் மணி நேரம் தாமதம். அடுத்த ஆளுக்கு மெஷின் வேண்டும், இரண்டரை மணி நேரத்துக்குமேல் முடியாது என்றார்கள். "பரவால்ல, புதன்கிழம சரியாயிரும்" என்றாள் அம்மா. என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள்.

மறுநாள், காரை இழுத்துப்போய் விட்டிருந்த அதே வொர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் குச்சியை உருவி என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். மேல்கோட்டைத் தாண்டி விரல் நீளத்துக்குமேல் எண்ணெய் ஏறியிருந்தது.

"என்னக்கா இது, சோத்துக்குக் குழம்பு ஊத்துன மாதிரி ஊத்திருக்கீங்க?"

"குறைஞ்சா எஞ்சின் போயிரும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கூடுனாலும் போயிரும்லா. உள்ள அடிச்சு நுரைச்சுக்கும். போக வேண்டிய இடத்துக்குப் போகாது, போகக்கூடாத இடத்துக்கு ஏறிக்கும்." வண்டிக்கு அடியில் படுத்து ஆணியைத் தளர்த்தினார். தட்டில் எண்ணெய் இறங்கிக்கொண்டே இருந்தது. எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டார். ஓட்டி வந்ததும் என்றேன். தலையை ஆட்டினார். "சூட்டோட பாக்கக்கூடாதுக்கா. ஓடுன எண்ணெய் எல்லாம் மேலயே நிக்கும், கீழ இறங்க நேரமாகும். அப்பப் பாத்தா எப்பவும் குறைச்சலாத்தான் காட்டும். காலையில, வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, சமமான இடத்துல நிறுத்திப் பாக்கணும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருந்தா போதும், கைய வெக்காதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. "ஒன்றரை வருஷமா இப்படித்தான் ஊத்துறேன் பாஸ். ஒண்ணுமே ஆகலையே?"

அவர் எழுந்து கையைத் துடைத்தார். "அப்படின்னா யாரோ எடுத்திருக்கணும். இந்த வண்டி அவ்வளவெல்லாம் குடிக்காது. குடிச்சிருந்தா தினமும் புகை வந்திருக்கும்."

அந்தக் காருக்குச் சாவி ஒன்றுதான். அதைத் தொடுகிற ஆட்கள் இரண்டு பேர்தான்.

புதன்கிழமை சரியாகவில்லை. விடிகாலையில் அம்மாவுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், நெஞ்சில் தண்ணீர் என்றார்கள். வார்டில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவளிடம் குனிந்து கேட்டேன், "அம்மா, அக்கா எண்ணெய எடுப்பாளா?" ஈவு இரக்கமில்லாத கேள்விதான். என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அம்மா என்னையே பார்த்தாள். கண்ணோரம் நீர் வழிந்தது. ஆணையிட்ட வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் அக்கா வந்தாள். ஆஸ்பத்திரித் தாளில் அவசரத்துக்குக் கூப்பிட அம்மா முதலில் கொடுத்திருந்தது அவள் நம்பரைத்தான். தலையில் துணி கட்டியிருந்தாள். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்களுக்குப் புருவமே இல்லை. சட்டை தோளில் தொங்கியது. மேருவில் ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் தரம் பார்க்கும் வேலை செய்தவள், பெட்டி பெட்டியாகத் தனியாளாகத் தூக்குவாள். இப்போது கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"எண்ணெய் நிறைய ஊத்திட்டேன்" என்றேன். நாலு வருடம் கழித்து அக்காவிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"தெரியும். நான் எடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எதால எடுத்த?"

"ஃபார்மசியில பெரிய ஊசி விக்கிறாங்கல்ல, குழாய் வழியா பால் குடுக்குறதுக்கு. அதுல மெல்லிசா ஒரு டியூப் மாட்டி, குச்சி போற ஓட்டைக்குள்ள விட்டு உறிஞ்சுவேன். திங்கக்கிழம காலையில வந்ததும் அதான் மொத வேல."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சண்ட போடுவ. எடுத்துட்டா பத்து நிமிஷம்." அவள் மூச்சு வாங்கினாள். "நீயாவது வண்டியப் பாக்குறியேன்னுதான் இருந்தேன். இப்ப மூணு வாரமா வர முடியல. மார்ல கட்டி. நாலு மாசமா கீமோ, அதோடயே வந்துக்கிட்டிருந்தேன், இப்பத்தான் ஆபரேஷன் முடிஞ்சுது."

நான் ஒன்றரை வருடமாகத் திட்டியதெல்லாம் கண்முன் வந்தது. அவள் ஊற்றாதவள் என்று முடிவுகட்டி, குச்சியை உருவிக்கூடப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் ஒவ்வொரு திங்களும் என் முட்டாள்தனத்தை உறிஞ்சி எடுத்து, வண்டியைக் காப்பாற்றி, அம்மாவைக் கொண்டுபோய்க்கொண்டிருந்திருக்கிறாள். வார்டு என்றும் பார்க்காமல் வாய்விட்டு அழுதேன். அக்கா அழவில்லை. "சும்மா இரு, அம்மா பாக்குறாங்க" என்றாள்.

அம்மா ஐந்து நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். வண்டியும் பிழைத்தது, ஏதோ ரப்பர் வளையங்களை மட்டும் மாற்றினார்கள். அதற்குப் பிறகு ஓட்டுவது மூன்று நாளும் நான்தான். ஆனால் அக்கா தன் திங்கட்கிழமையை மட்டும் விட்டுத்தரவில்லை. உடம்பு இடம் கொடுத்த திங்களெல்லாம் அத்தான் கிள்ளானிலிருந்து கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். அம்மாவும் அவளும் பின்சீட்டில். கிளம்பும் முன் நான் பொனெட்டைத் திறந்து, குச்சியைத் துடைத்து விட்டெடுத்து, ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அக்கா விடமாட்டாள்.

"எங்க இருக்கு?"

"நடுவுல."

"கிட்டக் காட்டு. உன்ன நம்ப முடியாது, குழம்பு ஊத்துறவ." வொர்க்‌ஷாப்காரர் சொன்னதை நான் சொல்லித் தொலைத்துவிட்டேன், அதைப் பிடித்துக்கொண்டாள். அம்மா சிரிப்பாள். அந்த மூன்று நான்கு மாதத்தில் நாங்கள் எண்ணெய் பற்றிப் பேசினோம், அம்மாவின் தண்ணீரைப் பற்றிப் பேசினோம், எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கிறது என்று பேசினோம். பந்தத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. நான்தான் பேசியிருக்க வேண்டும். இத்தனை நீள வாய், வேண்டிய இடத்தில் எழவில்லை.

பிறகு அவளால் வர முடியாமல் போனது. நோய் எலும்புக்குப் போய்விட்டது என்றார் அத்தான். ஒரு சனிக்கிழமை கடையிலிருந்து நேராகக் கொமியூட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். கூடத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். சின்னவள் எனக்கு மைலோ கலக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிங்க சித்தி" என்றாள். அதைக் கேட்டதும் தாங்க முடியாமல் ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு அப்பா செத்த வீட்டுல..."

"விடு. பிள்ளைங்க மறந்துருச்சுங்க."

"நீ?"

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "நான் மறக்கல."

பொய் சொல்லியிருக்கலாம். சாகப்போகிறவள் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்றுதான் அப்போது நினைத்தேன். அக்காவுக்கு அந்தப் பழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெகுநேரம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"திங்கக்கிழம அம்மாவ நீ கூட்டிட்டுப் போயிருவல்ல?"

"போறேன்க்கா."

"வெள்ளிக்கிழமையும்?"

"வெள்ளிக்கிழமையும்."

"சரி" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை விடியும்போது போய்விட்டாள். பிள்ளைகளில் பெரியவள் வெளியூரிலிருந்து வரவேண்டியிருந்ததால் அடக்கம் திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு என்று முடிவானது. திங்கட்கிழமை. அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அவள் கதறுவாள் என்று பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு ஆன்டியையும் கூட வைத்துக்கொண்டேன். அம்மா கதறவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு கையாலும் தொடையில் அடித்துக்கொண்டாள், சத்தமே வராமல். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்கா பக்கத்தில் இருந்துவிட்டுச் செந்தூலுக்குத் திரும்பினோம். மறுநாள் மெஷினுக்குப் போக வேண்டாம், நேராகக் கிள்ளானுக்கே போய்விடலாம் என்று அம்மா மன்றாடினாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒருதரம் குறைந்ததற்கே என்ன ஆனது என்று பார்த்தவள் நான். பெற்ற மகள் பெட்டியில் கிடக்கும்போது அம்மாவை மெஷினுக்குக் கூட்டிப்போன பாவி என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும். திங்கட்கிழமை கூட்டிப்போகிறேன் என்று நான் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆறரைக்கு அம்மாவை உட்கார வைத்தார்கள். வழக்கமாகத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளும் தாதிதான் அன்றைக்கும். தமிழ்ப் பெண், சின்ன வயது, நல்ல கலகலப்பு. அவளுக்கு விஷயம் தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவின் கையில் ஊசியைக் குத்தி, குழாயைப் பொருத்தி, டேப்பை ஒட்டிக்கொண்டே கேட்டாள்.

"பெரிய மகள் ரொம்ப நாளா வரலையே ஆன்டி, நல்லா இருக்காங்களா?"

நான் எழுந்துவிட்டேன். அம்மா மற்ற கையைத் தூக்கி என்னை உட்காரச் சொன்னாள்.

"இன்னைக்கு நான்தான் அவளப் பாக்கப் போறேன்மா. இது முடிஞ்சதும்."

"ஓ, நல்லது ஆன்டி. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்மா" என்றாள் அம்மா.